நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கத் தூதர் ஒருவரின் பணிவாழ்க்கையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நூறு வருடத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஓர் அமெரிக்கத் தூதர் எந்தெந்த ஊரில் இருந்தார், என்ன எழுதி அனுப்பினார், யாரோடு முட்டிக்கொண்டார் என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே, பெரிய செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். நிறையப் பேர் இதை நம்புவதில்லை. முயன்று பார்ப்பவர்களும் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள்: விக்கிப்பீடியா, அப்புறம் அந்தத் தூதரே எழுதிய நினைவுக் குறிப்பு, அதோடு கடையைச் சாத்திவிடுகிறார்கள். நினைவுக் குறிப்பைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது சுவையே இல்லாத காகிதங்கள்: நியமனப் பட்டியல், சம்பளப் பட்டியல், தந்தி எண்கள், செனட் ஓட்டுக் கணக்கு. அந்தத் தேதிகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டால், பிற்பாடு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வெறுமனே வழி சொன்னால் மனதில் நிற்காது, அதனால் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வோம். ஜோசப் கிளார்க் க்ரூ. பாஸ்டனில் 1880-ல் பிறந்தவர், பணக்காரக் குடும்பம், க்ரோட்டன் பள்ளி, ஹார்வர்டு. 1904-ல் கெய்ரோவில் இருந்த அமெரிக்கக் கான்சல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1945-ல் வெளியுறவுத் துறையின் இரண்டாவது நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றார். 1941-ல் ஹவாயில் இருந்த பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியபோது டோக்கியோவில் அமெரிக்கத் தூதர் இவர்தான். கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை எல்லாவற்றிலும் கால் வைத்தவர் என்பதால் ஆவண வகைகளைப் பழகிக்கொள்ள இவரைப் போல வசதியான ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரே தொல்லை, பெயர். ஆங்கிலத்தில் ஜி, ஆர், ஈ, டபிள்யூ என்று எழுதுவார்கள். அது 'வளர்ந்தது' என்ற சாதாரண வினைச்சொல்லும்கூட. அந்த நான்கு எழுத்தை மட்டும் தேடுபெட்டியில் போட்டால் பயிர் வளர்ந்தது, கடன் வளர்ந்தது எல்லாம் வந்து கொட்டும். 'மிஸ்டர் க்ரூ' அல்லது 'ஜோசப் சி. க்ரூ' என்று மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். உங்கள் ஆளின் பெயர் ஹில், ஸ்டோன், யங் என்று இருந்தாலும் இதே வைத்தியம்தான்.

அந்தக் காலத்து வேலை எப்படி இருந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணத்துக்குள் போனால் ஒன்றும் புரியாது, எனவே கொஞ்சம் பொறுமை. 1924 வரை அமெரிக்காவில் தூதரகப் பணி என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தூதரகச் செயலாளர்கள், தூதர்கள் எல்லாம் இருந்த ராஜதந்திரப் பணி. இன்னொன்று துறைமுக ஊர்களில் உட்கார்ந்து கப்பல் காகிதம், ஏற்றுமதிச் சான்று, மாட்டிக்கொண்ட மாலுமி என்று பார்த்துக்கொண்டிருந்த கான்சல் பணி. முதல் வகையினர் இரண்டாம் வகையினரைச் சற்று ஏளனமாகத்தான் பார்த்தார்கள். 1924-ல் ஜான் ஜேக்கப் ராஜர்ஸ் என்ற மாசசூசெட்ஸ் காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம்தான் இரண்டையும் சேர்த்து ஒரே பணியாக்கியது. ஆகவே உங்கள் ஆள் 1924-க்கு முந்தையவர் என்றால், முதல் கேள்வி அவர் எந்தப் பக்கம் என்பதுதான். தேட வேண்டிய தொகுதிகளே அதைப் பொறுத்து மாறும்.

அடுத்தது காசு. கடைசிப் படியில் இருந்த தூதரகச் செயலாளரின் சம்பளம் வருடத்துக்கு 1,200 டாலர். பெரிய நாடுகளில் இருந்த தூதருக்கு 17,500 டாலர். பெரும்பாலான ஊர்களில் அரசாங்க வீடு கிடையாது. வாடகை, விருந்து, வண்டி எல்லாம் கைக்காசு. அதனால் அப்பன் சொத்து உள்ளவன்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடிந்தது. க்ரூ போன்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பள்ளி, ஒரே மாதிரிக் கல்லூரியிலிருந்து வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். தேர்வு முறை மெல்லத்தான் வந்தது: 1905-லும் 1906-லும் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் போட்ட ஆணைகள், 1909-ல் அடுத்த ஜனாதிபதி டாஃப்ட் போட்ட ஆணை. அதுவும் கீழ்ப்பதவிகளுக்குத்தான். தூதர் பதவி அதன் பிறகும் தேர்தல் நிதி கொடுத்த புண்ணியவான்களுக்குப் போய்க்கொண்டிருந்தது, இன்றும் போகிறது.

பதவிப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அன்று பெரிய நாடுகளில் மட்டும்தான் முழுத் தூதரகம். டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் ஒரு படி கீழான தூதகம், அதன் தலைவருக்கு 'மினிஸ்டர்' என்று பெயர். அவர் அமைச்சர் அல்ல. பழைய செய்தித்தாளில் 'மினிஸ்டர் க்ரூ' என்று பார்த்துவிட்டு அவர் மந்திரியாக இருந்தார் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வேலை: தேதிகளின் முதுகெலும்பு

வெளியுறவுத் துறை வருடா வருடம் 'ரெஜிஸ்டர் ஆஃப் தி டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டது. யார் எந்த ஊரில், என்ன சம்பளம் என்ற பட்டியல் ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அகர வரிசையில் ஒவ்வோர் அதிகாரிக்கும் உள்ள சிறு குறிப்பு: எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தத் தேதியில் எந்தப் பதவி. ஹாதிடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகங்கள் இரண்டிலும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் திறக்காத தொகுதி இன்னொன்றில் திறக்கும். உங்கள் ஆள் பணியில் இருந்த கடைசி வருடத் தொகுதியை முதலில் எடுங்கள், அதுவரையிலான எல்லா நியமனங்களும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

க்ரூவுக்கு இப்படி எடுத்தால் ஆண்டுகள் இவ்வாறு வரும்: 1904 கெய்ரோ, 1906 மெக்சிகோ நகரில் மூன்றாம் செயலாளர், 1907 செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1908 பெர்லின், 1911 வியன்னா, 1912-ல் மறுபடி பெர்லின். போர் முடிந்ததும் பாரிஸ் சமாதான மாநாட்டில் அமெரிக்கக் குழுவின் செயலாளர். 1920 டென்மார்க், 1921 சுவிட்சர்லாந்து, 1924 துணைச் செயலாளராக வாஷிங்டன், 1927 துருக்கி, 1932 ஜப்பான்.

இந்த இடத்தில் ஒரு புலி வருகிறது. ஹார்வர்டு முடித்ததும் உலகம் சுற்றப் போன க்ரூ, சீனாவில் அமாய் பக்கம் ஒரு குகைக்குள் ஊர்ந்து போய்ப் புலியைச் சுட்டதாகவும், அந்தக் கதை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் காதுக்குப் போய், வேட்டைப் பிரியரான அவர் மகிழ்ந்து போய் இவருக்கு வேலை போட்டுக் கொடுத்ததாகவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ரெஜிஸ்டரில் புலி கிடையாது, 1906 மார்ச்சில் மெக்சிகோ நியமனம் என்பது மட்டும்தான். கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அந்தக் கதைக்கு மூலம் க்ரூவேதான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜனாதிபதிக்குக் கதை போய்ச் சேர நடுவில் யாரோ பேசியிருக்க வேண்டும், அப்படிப் பேசக்கூடிய ஆட்கள் ஒரு பாஸ்டன் பணக்காரப் பையனுக்குத்தான் தெரிந்திருப்பார்கள். எனக்கு அதுதான் புலியைவிடச் சுவையான செய்தி.

தூதர், மினிஸ்டர் நிலைக்குப் போனவர் என்றால் இன்னொரு வசதி உண்டு. வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம் தன் இணையதளத்தில் நாடுவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று தேதிகள்: நியமனம், போன நாட்டின் தலைவரிடம் நற்சான்றுப் பத்திரம் கொடுத்த நாள், பணி முடிந்த நாள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது, முதல் இரண்டுக்கும் நடுவில் பல மாதம் ஓடியிருக்கும். க்ரூவை ஜப்பானுக்கு நியமித்தது 1932 பிப்ரவரியில். டோக்கியோவில் பத்திரம் கொடுத்தது ஜூன் மாதத்தில். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று பாருங்கள்: மே 15-ஆம் தேதி இளம் கடற்படை அதிகாரிகள் சிலர் பிரதமர் இனுகாய் வீட்டுக்குள்ளேயே புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புதுத் தூதர் அப்போது சிகாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார், செய்தித்தாள் தலைப்பில்தான் விஷயம் தெரிந்தது. '1932-ல் ஜப்பான் தூதரானார்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கையில் அகப்படாது.

பட்டியல் தயாராகும்போதே வாஷிங்டனில் நடந்ததை இன்னொரு நிரலில் போட்டுக்கொள்ளுங்கள். செனட்டின் நிர்வாக நடவடிக்கைப் பதிவில் நியமன ஒப்புதலும் ஒப்பந்த ஓட்டும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்த மாநாட்டில் உட்கார்ந்து துருக்கியோடு பேசி 1923 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் க்ரூ. அதை 1927 ஜனவரி 18-ஆம் தேதி செனட் தள்ளிவிட்டது: ஆதரவு 50, எதிர்ப்பு 34, ஒப்பந்தம் நிறைவேறத் தேவையான மூன்றில் இரண்டுக்கு ஆறு ஓட்டுக் குறைவு. அதே வருடம் அதே துருக்கிக்கு அவரையே தூதராக அனுப்பினார்கள். தன் ஒப்பந்தத்தைத் தன் நாடே குப்பையில் போட்ட பிறகு அந்த ஊருக்குப் போய்க் கைகுலுக்க வேண்டிய நிலைமை. இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இது பளிச்சென்று தெரியும்.

அவரை ஏன் வாஷிங்டனிலிருந்து துருக்கிக்கு அனுப்பினார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு சண்டையும் உண்டு. ராஜர்ஸ் சட்டம் வந்த பிறகு பதவி உயர்வு முடிவு செய்யும் பணியாளர் வாரியத்துக்குத் தலைமை தாங்கியவர் க்ரூ. பழைய ராஜதந்திரப் பணிக்காரர்கள் மளமளவென்று மேலே போகிறார்கள், கான்சல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தேங்கி நிற்கிறார்கள் என்று பெரிய முணுமுணுப்பு எழுந்து, 1927-ல் பகிரங்கச் சண்டையாகவே ஆகிவிட்டது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: 1924, 1927 இரண்டு ரெஜிஸ்டரையும் எடுத்து, பழைய செயலாளர்களில் கொஞ்சம் பேர், பழைய கான்சல்களில் கொஞ்சம் பேர் என்று பொறுக்கி, யார் எத்தனை வகுப்பு ஏறினார்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலைதான். யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படித்து நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். கறுப்பினத்தவர் விஷயத்துக்கும் இதே கண்ணோட்டம் உதவும். கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1906-ல் வெனிசுலாவின் புவேர்ட்டோ கபெல்லோவிலும் பிறகு நிகராகுவாவின் கொரிந்தோவிலும் கான்சலாக இருந்தார். க்ரூ ஏறிய ஊர்களையும் அவருக்குக் கிடைத்த ஊர்களையும் ஒரே பக்கத்தில் எழுதினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது வேலை: தந்திகளைப் படிப்பது

எனக்குப் பிடித்த கட்டம் இது. லிங்கன் காலத்தில் 1861-ல் தொடங்கி அமெரிக்க அரசு தன் ராஜதந்திரக் கடிதங்களையும் தந்திகளையும் தொகுத்து வெளியிட்டுவருகிறது. 'ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று பெயர். நூற்றுக்கணக்கான தொகுதிகள், வரலாற்று அலுவலகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒவ்வோர் ஆவணத்தின் தலைப்பிலும் அனுப்பியவர் பதவியைப் போட்டு அடைப்புக்குள் குடும்பப் பெயரை மட்டும் போடுவார்கள். அந்தப் பதவியைக் கவனிக்க வேண்டும். 1916 கடைசியில் பெர்லின் தூதர் ஜெரார்டு விடுமுறையில் அமெரிக்கா போயிருந்தார், பொறுப்பு க்ரூ கையில். டிசம்பர் 12-ஆம் தேதி ஜெர்மனி சமாதானப் பேச்சுக்குத் தயார் என்று அறிவித்த குறிப்பைக் கையில் வாங்கி அனுப்பியவர் அவர்தான். அந்தத் தந்திகளில் 'ஜெர்மனித் தூதர்' என்று தேடினால் க்ரூ கிடைக்க மாட்டார். 'ஷார்ஜே' என்று தேடுங்கள். தற்காலிகப் பொறுப்பாளருக்கு அதுதான் பெயர். ஒரு தூதரின் வாழ்க்கையில் இப்படித் தலைவர் ஊரில் இல்லாத மாதங்கள்தான் பல நேரம் கனமான மாதங்கள், ஆனால் பதவிப் பட்டியலில் அது தெரியாது.

இப்போது ஒரே ஒரு தந்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டோக்கியோ, 1941 ஜனவரி 27, மாலை 6 மணி. தந்தி எண் 125. கோப்பு எண் 711.94/1935. வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது ஜனவரி 27, காலை 6.38. அனுப்பும் முன்பே வந்து சேர்ந்ததா என்று பதறாதீர்கள், டோக்கியோ பதினான்கு மணி நேரம் முந்தியது. அங்கே மாலை ஆறு என்றால் வாஷிங்டனில் விடிகாலை நான்கு. ஆக, இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. உள்ளே விஷயம் சில வரிதான். டோக்கியோவில் இருந்த பெரு நாட்டு மினிஸ்டர் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவரிடம் சொன்னாராம்: அமெரிக்காவோடு சிக்கல் வந்தால் பேர்ல் ஹார்பர் மீது திடீரென்று பெரும் தாக்குதல் நடத்த ஜப்பானியப் படைகள் திட்டமிட்டிருப்பதாகப் பல இடங்களில் கேள்விப்பட்டேன், நம்பவே முடியாத திட்டமாகத் தெரிந்தாலும் பல வழியாக வந்ததால் சொல்கிறேன் என்று. க்ரூ அதை அப்படியே அனுப்பிவிட்டார். கடற்படை உளவுப் பிரிவு இந்த வதந்தியில் நம்பிக்கை இல்லை என்று குறிப்பெழுதி, பிப்ரவரி தொடக்கத்தில் ஹவாயில் இருந்த பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் கிம்மலுக்கு அனுப்பிவைத்தது. 'க்ரூ பேர்ல் ஹார்பரை முன்கூட்டியே எச்சரித்தார்' என்று சுற்றிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் வரலாறு இங்கிருந்து வந்ததுதான். தந்தியைப் படித்தால் தெரியும், அவர் எச்சரிக்கவில்லை, கேள்விப்பட்டதைக் கடத்தினார். பத்து மாதம் கழித்து அது வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது.

கோப்பு எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள், அதுதான் சாவி. 1910-லிருந்து வெளியுறவுத் துறை தன் காகிதங்களை எண் முறையில் அடுக்கியது. 7 என்றால் நாடுகளுக்கிடையேயான அரசியல் உறவு, 11 அமெரிக்கா, 94 ஜப்பான். எனவே 711.94 என்றால் அமெரிக்க-ஜப்பான் உறவு. சாய்கோட்டுக்குப் பிறகு வருவது அந்தக் கோப்பில் எத்தனையாவது காகிதம் என்பது. 8 என்று தொடங்கினால் ஒரு நாட்டின் உள்விவகாரம், 67 துருக்கி. ஆகவே 867 துருக்கியின் உள்விவகாரம். ஆர்மீனியர் படுகொலை பற்றிய தூதரக அறிக்கைகள் 867.4016 என்ற எண்ணில் இருக்கின்றன. முதல் உலகப் போர் முழுவதற்கும் கோப்பு எண் என்ன தெரியுமா? 763.72. ஆஸ்திரியாவுக்கு 63, செர்பியாவுக்கு 72. ஆஸ்திரியா-செர்பியா தகராறு என்று ஏதோ ஒரு குமாஸ்தா திறந்து வைத்த கோப்பிலேயே உலகப் போர் மொத்தமும் போய் விழுந்தது. உங்கள் ஆளின் சொந்தப் பணிக் காகிதங்கள், அதாவது விடுப்பு, இடமாற்றம், பயணப்படி எல்லாம் வேண்டுமென்றால் 123 என்று தொடங்கும் எண்ணைத் தேட வேண்டும்.

தொகுதி எப்போது அச்சானது என்பதையும் பாருங்கள். 1931 முதல் 1941 வரையிலான ஜப்பான் ஆவணங்கள் என்று இரண்டு தொகுதி தனியாக இருக்கிறது. அது 1943-ல், போர் நடக்கும்போதே அச்சானது. சமாதானத்துக்கு நாங்கள் எவ்வளவோ முயன்றோம் என்று அரசு காட்ட விரும்பிய காலம் அது. வழக்கமான 1941 தொகுதிகள் வந்தது 1950-களில், அவற்றில் வாஷிங்டன் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளும் உண்டு. 1941 செப்டம்பர் 6-ஆம் தேதி ஜப்பான் பிரதமர் கொனோயே ரகசியமாக க்ரூவைச் சந்தித்து, அன்றைய ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டார். க்ரூ அதை ஆதரித்து எழுதினார். வாஷிங்டனில் ஸ்டான்லி ஹார்ன்பெக் என்ற தூரகிழக்கு ஆலோசகர் அதில் துளியும் நம்பிக்கை வைக்கவில்லை, சந்திப்பும் நடக்கவில்லை. டோக்கியோ தந்திகளை மட்டும் படித்தால் க்ரூ சொன்னது நியாயமாகவே படும். மறுபக்கத்துக் குறிப்புகளையும் படித்தால் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல வாய் வராது. நான் ஹார்ன்பெக் பக்கம் இல்லை, ஆனால் அவர் கேட்ட கேள்விகள் முட்டாள்தனமானவை அல்ல.

தேடும்போது ஊர்ப் பெயர், ஆள் பெயர் எழுத்துக்கூட்டு சதி செய்யும். அன்று இஸ்தான்புல் கான்ஸ்டான்டிநோபிள், அங்காரா அங்கோரா, ஓஸ்லோ கிறிஸ்டியானியா. 1914-க்குப் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பெட்ரோகிராடு. 1928-லிருந்து பீகிங், பெய்பிங். இன்றைய பெயரைப் போட்டுவிட்டு ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

செய்தித்தாள், அப்புறம் டைரி

செய்தித்தாளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்லிங் அமெரிக்கா' போதும். அரசியல் பக்கத்தைவிட, யார் எந்தக் கப்பலில் வந்தார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போனார் என்ற சமூகப் பக்கம்தான் தேதி சரிபார்க்க உதவும். பெயரைத் தப்பாக அச்சடிப்பது சகஜம் என்பதால் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். இதில் அதிக நேரம் போட வேண்டாம்.

இப்போதுதான் நாட்குறிப்பு. க்ரூ ஓயாமல் டைரி எழுதியவர். மூலக் காகிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அச்சில் வந்தவை முக்கியமாக இரண்டு: 1944-ல் 'டென் இயர்ஸ் இன் ஜப்பான்', 1952-ல் இரண்டு தொகுதிகளாக 'டர்புலன்ட் எரா'. முதலாவது போர் நடுவில் வந்தது, அதற்குள் ஆசிரியர் மறுபடி அரசுப் பணியில் இருந்தார்; யாருடைய பெயரைச் சொல்லலாம், யாருடையதைச் சொன்னால் ஜப்பானில் அவர் தலை போகும் என்ற கணக்கெல்லாம் அதில் கட்டாயம் இருந்திருக்கும். எனவே டைரி என்று அட்டையில் போட்டிருந்தாலும் அன்றன்று எழுதியதை அப்படியே கையில் வாங்கியதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

படிக்கும் முறை எளிது. டைரியில் ஒரு தேதியை எடுங்கள், அதே தேதிக்கான தந்தியை எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 1941 டிசம்பர் 7 டோக்கியோவில் நல்ல உதாரணம். ரூஸ்வெல்ட் ஜப்பானியச் சக்கரவர்த்திக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்பினார். அது டோக்கியோ தந்தி அலுவலகத்துக்கு நண்பகல் 12 மணிக்கே வந்துவிட்டது, தூதரகத்தில் கொண்டுவந்து கொடுத்தது இரவு 10.30-க்கு. பத்தரை மணி நேரம் யாரோ வேண்டுமென்றே உட்கார வைத்திருக்கிறார்கள். க்ரூ அவசர அவசரமாக நள்ளிரவு தாண்டி வெளியுறவு அமைச்சர் டோகோ வீட்டுக்குப் போனார். காலை ஏழரைக்கு டோகோ மறுபடி கூப்பிட்டு, பேச்சுவார்த்தை முடிந்தது என்ற குறிப்பைக் கையில் கொடுத்தார். பேர்ல் ஹார்பர் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குண்டு விழுந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. தந்தியின் நேர முத்திரை ஒன்று சொல்கிறது, டைரியின் புலம்பல் இன்னொன்று சொல்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் அந்த இரவு முழுதாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு தூதரக வளாகத்திலேயே அடைபட்டுக் கிடந்து, 1942 ஜூனில் அசாமா மாரு கப்பலில் ஏற்றப்பட்டு, ஆப்பிரிக்காவின் லொரென்சோ மார்க்கெஸ் துறைமுகத்தில், அதாவது இன்றைய மபுட்டோவில், கிரிப்ஸ்ஹோம் கப்பலுக்கு மாறி, ஆகஸ்டில் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

தனிக் கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் க்ரூவும் ஒரே பள்ளி, ஒரே கல்லூரி. க்ரூ இரண்டு வருடம் மூத்தவர். 1940 டிசம்பரில் அவர் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம் 'டியர் ஃபிராங்க்' என்றுதான் தொடங்கும். துறை வழியாகப் போகும் தந்தியில் சொல்லாததை அந்தத் தோரணையில் சொல்லலாம்.

உங்கள் ஆள் பெரிய மனிதர் இல்லை என்றால்

க்ரூவுக்குக் கிடைக்கும் அளவு எல்லாருக்கும் கிடைக்காது. மூலையில் ஒரு துறைமுகத்தில் கான்சலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் மேலே சொன்ன பெரிய தொகுப்பில் ஒரு வரிகூட இருக்காது. அப்போது ரெஜிஸ்டரோடு, வணிக அறிக்கைகளைப் பாருங்கள். கான்சல்கள் தத்தம் ஊர் வியாபாரத்தைப் பற்றி விடாமல் எழுதி அனுப்ப வேண்டும். அவை தினசரி அறிக்கைகளாக அச்சாகி, அவையும் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. மதராஸிலும் கொழும்பிலும் அன்று அமெரிக்கக் கான்சல்கள் இருந்தார்கள். மதராஸிலிருந்து பதனிட்ட தோலும் கொழும்பிலிருந்து காரீயம் என்று சொல்லப்பட்ட கிராஃபைட்டும் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் என்பதால், நம் ஊர்ப் பொருளாதாரத்தைப் பற்றி வெள்ளைக்காரத் துரைகள் எழுதாத கோணத்தில் இன்னொரு வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்ததும் இதில் கிடைக்கும். தமிழில் யாராவது இதைத் தொட்டிருக்கிறார்களா என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அச்சில் வராதவை எல்லாம் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டு எண்தான் நினைவில் இருக்க வேண்டும்: வாஷிங்டன் தலைமையகத்துக் காகிதங்கள் தொகுப்பு 59, அந்தந்த ஊர்த் தூதரகமும் கான்சல் அலுவலகமும் வைத்திருந்த காகிதங்கள் தொகுப்பு 84. ஒரே கடிதத்தின் அனுப்பிய படி ஒன்றிலும் வந்து சேர்ந்த படி இன்னொன்றிலும் இருக்கும், ஆனால் 84-ல் உள்ளூர் வியாபாரி எழுதிய புகார், வேலைக்காரர் சம்பளக் கணக்கு போன்ற சில்லறை விஷயங்களும் உண்டு. நேரில் போக முடியாதவர்கள் மின்னஞ்சல் அனுப்பலாம். எழுதும்போது ஆளின் முழுப் பெயர், பதவி, ஊர், வருடம், தொகுப்பு எண், தெரிந்தால் கோப்பு எண் எல்லாவற்றையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். 'இவரைப் பற்றித் தகவல் வேண்டும்' என்று மட்டும் எழுதினால், எந்தத் தொகுப்பைப் பார்க்க வேண்டும் என்ற பொதுவான பதில்தான் வரும்.